எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார்: அரூப ஓவியம் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு ஓர் அறிமுகம்

நவீன ஓவியங்கள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போனால், உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இது என்ன படம்?" பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான் கேட்பார்கள். மற்றவர்களுக்கும் அதே கேள்விதான், வெளியே சொல்ல மாட்டார்கள். பதில் கிடைக்காதபோது நடை வேகமாகும். முப்பது ஓவியங்களைப் பத்து நிமிடத்தில் கடந்து, வாசலில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "நமக்கெல்லாம் இது புரியாது" என்ற முடிவு அன்றே வீட்டில் உறுதியாகிவிடும். பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. புரியாமல் போவதற்கு அங்கே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போதும். "இது என்ன" என்பதற்குப் பதிலாக "இதை வரைந்தவர் எதை விட்டுவிட்டார், எதை வைத்துக்கொண்டார்" என்று கேட்டுப் பாருங்கள். பொருளை உள்ளபடி காட்டாமல் கோடு, வண்ணம், வடிவத்தாலேயே பேசும் ஓவியத்தை அரூப ஓவியம் (abstract) என்பார்கள்; அதன் அடிப்படை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான். உதாரணத்துக்குச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எடுத்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு முதல்முறை போவதற்கு அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூடம் அளவானது, வெளியே மரங்களுக்கிடையே சிற்பங்கள் இருக்கின்றன, குழந்தை அலுத்துப்போனால் வெளியே அழைத்து வந்துவிடலாம்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். அதற்கு ஒரு காளை தேவைப்படுகிறது.

1945 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிக்காசோ பாரிஸில் ஓர் அச்சுக்கூடத்தில் கல்லில் ஒரு காளையை வரைந்தார். அச்சுக்கல்லில் வரைந்து, தாளில் ஒற்றி எடுக்கும் முறை அது. முதல் படத்தில் இருப்பது யார் பார்த்தாலும் தெரிகிற காளை. பிறகு அதே கல்லில் சுரண்டியும் சேர்த்தும் மாற்றிக்கொண்டே போனார். அடுத்த கட்டத்தில் காளை இன்னும் கனத்து, முரட்டுத்தனமாகிறது. அதற்கடுத்து, உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கோடு போடுகிறார். தோள் எங்கே முடிகிறது, விலா எங்கே தொடங்குகிறது, தொடை எப்படித் தாங்குகிறது என்று. பிறகு கருமை குறைகிறது, ரோமம் போகிறது, தசை போகிறது, தலை சிறுத்துக்கொண்டே வருகிறது. 1946 ஜனவரியில் பதினோராவது படம் வரும்போது மிஞ்சியிருப்பவை சில கோடுகள் மட்டுமே. பெரிய முதுகு வளைவு, கால்கள், வால், மிகச் சிறிய தலையில் இரண்டு கொம்பு. அப்போதும் அது காளைதான். பசு இல்லை, குதிரை இல்லை.

இந்தப் பதினோரு படங்களும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முதல்நாள் இரவு பிள்ளைகளுக்கு வரிசையாகக் காட்டுங்கள். ஒவ்வொரு படத்திலும் "இப்போது எது போயிற்று?" என்று கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட வேகமாகப் பதில் சொல்லும். கடைசிப் படத்தை மட்டும் தனியாகக் காட்டியிருந்தால் "இதை நானே வரைவேன்" என்று சொல்லியிருக்கும். முதலிலிருந்து பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வராது. அந்தக் கடைசிக் கோடுகளுக்கு வந்து சேர எத்தனை கோடுகளை வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

உள்ளதிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கி, எது இல்லாவிட்டால் அது அதுவாக இருக்காதோ அதை மட்டும் நிறுத்துவது அரூபத்தின் முதல் படி. காளை காளையாகவே நின்றுவிட்டதால் பிக்காசோவின் வரிசையை முழு அரூபம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்தத் திசையில் பயணம் போகிறது என்று அது காட்டிவிடுகிறது.

அதே பாதையில் இன்னும் தள்ளிப் போனவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மோந்திரியான். 1908க்கும் 1912க்கும் இடையில் அவர் மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதலில் நீலப் பின்னணியில் சிவந்து முறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு மரம். பிறகு 1911இல் ஒரு சாம்பல் நிற மரம். கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன, கிளைக்கும் வானத்துக்கும் வேறுபாடு மங்கிவிட்டது. 1912இல் பூத்த ஆப்பிள் மரம் என்று ஒன்று. தலைப்பைப் படிக்காவிட்டால் மரம் என்றே தெரியாது. அடுத்த பத்தாண்டுக்குள் அவர் கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும் மட்டும் உள்ள ஓவியங்களுக்கு வந்துவிட்டார். மரம் போய்விட்டது. கிளைகளுக்கு இடையே இருந்த எடையும் சமநிலையும் மட்டும் தங்கின. பைகளிலும் உடைகளிலும் அந்தக் கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரமாகத் தொடங்கியவை அல்ல என்பதற்கு அந்த மரங்கள் சாட்சி.

இன்னொரு வழியும் உண்டு. எந்தப் பொருளிலிருந்தும் தொடங்காமல் நேரடியாக வண்ணத்திலிருந்தும் வடிவத்திலிருந்தும் தொடங்குவது. ரஷ்யரான காந்தின்ஸ்கி 1911 ஜனவரியில் மியூனிக் நகரில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வந்து, அந்த அனுபவத்தை ஓர் ஓவியமாக்கினார். ஒரு பெரிய கறுப்பு வடிவத்தை பியானோ என்று கண்டுபிடிக்கலாம், கூட்டமும் தெரியும். ஆனால் ஓவியத்தில் பெரும்பகுதியை நிறைப்பது ஒரு மஞ்சள்தான். இந்த வகை ஓவியத்தைப் பெரியவர்களுக்கு விளக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி ஆலாபனை. ஒரு பாடகர் கால்மணி நேரம் தோடியை விரிக்கிறார். அதில் ஒரு சொல்கூட இல்லை. "இவர் என்ன சொல்ல வருகிறார்" என்று அரங்கில் யாரும் கேட்பதில்லை. ஒரு சுரத்தில் நிற்பதையும் அடுத்ததற்கு நகர்வதையும் கேட்டுத் தலையசைக்கிறோம். காதுக்கு நாம் கொடுக்கும் அந்த உரிமையைக் கண்ணுக்கும் கொடுத்தால் காந்தின்ஸ்கி நெருங்கி வந்துவிடுவார்.

காந்தின்ஸ்கிக்கு முன்பே, 1906இலிருந்து, சுவீடனில் ஹில்மா அஃப் கிளிந்த் என்ற பெண் அரூப ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தார். தான் இறந்து இருபது ஆண்டுகள் ஆகும்வரை அவற்றைக் காட்ட வேண்டாம் என்று எழுதி வைத்தார். 1944இல் இறந்தார். அவருடைய பெயர் உலகம் முழுவதும் பேசப்பட்டது நம் காலத்தில்தான். பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

விலக்குவதை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ரஷ்ய ஓவியர் மாலேவிச். 1915இல் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரில் நடந்த கண்காட்சியில், வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம்; அவ்வளவுதான். அதைச் சுவரின் நடுவில் மாட்டவில்லை. அறையின் மேல் மூலையில், ரஷ்ய வீடுகளில் சாமிப் படம் வைக்கும் இடத்தில் மாட்டினார். எங்கே மாட்டினார் என்று தெரிந்தவுடன் அந்தச் சதுரம் பேசத் தொடங்குகிறது, இல்லையா? பல நவீன ஓவியங்களுக்கு இப்படி ஒரு சிறு தகவல் போதும். ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையைப் படிக்கச் சொல்வது அதனால்தான். ஆண்டு, பொருள், அளவு என்ற மூன்றும் அதில் இருக்கும். குறிப்பாக ஆண்டு. அந்த ஆண்டில் நாடு எப்படி இருந்தது, அவருக்கு என்ன வயது என்று யோசித்தால் பாதி கதவு திறந்துவிடும்.

ஓவியர்கள் ஏன் இப்படி விலக்கத் தொடங்கினார்கள் என்ற கேள்வி இயல்பாக வரும். பல காரணங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுவது ஒன்றுதான். 1839இல் புகைப்படக் கருவி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. முகத்தை அச்சு அசலாகப் பதிவு செய்யும் வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, ஓவியருக்கு வேறு எது மிச்சம் என்ற கேள்வி எழுந்தது. இயந்திரத்தால் முடியாதது எது என்று தேடியவர்களின் வரலாறாகவே நவீன ஓவியத்தின் பெரும்பகுதியைப் படிக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். நம் வீடுகளில் ஓவியம் என்றால் கண்முன் வருவது பட்டுப்புடவை மின்ன, தாமரையில் நிற்கும் லட்சுமி. அந்தக் கண்ணை நமக்குக் கொடுத்தவர் ரவி வர்மா. ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையைக் கற்று, நம் தெய்வங்களுக்குச் சதையும் நிழலும் கொடுத்தார். 1894இல் அச்சகம் தொடங்கி அந்தப் படங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். பெரிய சாதனைதான். ஆனால் ஓவியம் என்றாலே உள்ளபடி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்த நாட்காட்டிகளின் வழியாகத்தான் நம்மிடம் ஊறியது. அதற்கு முந்தைய நம் மரபு அப்படிப்பட்டதல்ல. நான்கு கையோடு ஆடும் நடராசரை எந்தச் சிற்பியும் நேரில் பார்த்து வார்க்கவில்லை. எதை மிகைப்படுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று சோழர் காலத்துச் சிற்பிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஐம்பொன் சிலையின் உடலில் நரம்போ எலும்போ தசைக் கட்டோ தெரியாது. அவற்றை விட்டுவிட்டார்கள், மூச்சு நிறைந்த மார்பையும் இடுப்பின் வளைவையும் வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் செல்வத்தை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவர முயன்றவர்களின் கதைதான் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1850இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பின்னர் முதல்வரானார். படிப்பு முடித்த மாணவர்கள் ஓவியத்தை நம்பிப் பிழைக்க வழியின்றிக் கிடைத்த வேலைக்குப் போய்விடுவது அவரை உறுத்தியது. கைவினைப் பொருள் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம், மீதி நேரத்தில் யாருக்கும் பணியாமல் வரையலாம் என்பது அவர்கள் கண்ட வழி. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி ஓவியங்களை விற்ற பணம் நிலம் வாங்க உதவியது. 1966இல், அன்று மணலும் சவுக்குமாக இருந்த ஈஞ்சம்பாக்கத்தில் கலைஞர்கள் சேர்ந்து குடியேறினார்கள். ஓவியர்கள் தங்கள் உழைப்பில் தாங்களே கட்டிக்கொண்ட கிராமம் அது. இப்போது அங்கே இருக்கும் அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. மதராஸ் கலை இயக்கம் என்று சொல்லப்படும் தலைமுறையின் படைப்புகள் அதில் இருக்கின்றன.

அங்கே போனால் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைச் சேர்ந்த ஓவியத்தின் முன் குடும்பத்தை நிறுத்துங்கள். 1960களில் அவர் தொடங்கிய வரிசை அது. முதல் பார்வைக்கு ஓர் ஓலைச்சுவடியோ யாரோ எழுதிய கணக்கு நோட்டோ சுவரில் தொங்குவதுபோல் இருக்கும். பொடிப்பொடியாக எழுத்து, மலையாளம்போல் சுழிகிறது. இடையிடையே ஜாதகக் கட்டம், கணிதக் குறி, மீன், பறவை. உடன் வந்திருக்கும் தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க முயல்வார். மலையாளம் தெரிந்தவர் கூட இருந்தால் அவரும் முயல்வார். யாராலும் முடியாது. ஏனென்றால் அது எந்த மொழியும் இல்லை. எழுத்துபோல் தோன்றும் கோடுகள் அவை.

இப்போது நம் கேள்வியைக் கேளுங்கள். எதை விட்டார்? பொருளை விட்டார். எழுத்து எதற்காக இருக்கிறதோ அதையே எடுத்துவிட்டார். எதை வைத்துக்கொண்டார்? எழுதும் கையின் ஓட்டத்தை. வரி வரியாக இறங்கும் அடுக்கை. ஜாதகத்தைப் பிரிக்கும்போது, நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், "இதில் ஏதோ இருக்கிறது" என்று வருமே ஒரு மரியாதையும் பயமும், அதை. படிக்க முயன்று தோற்ற அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் குடும்பத்துக்கு நடந்ததுதான் அந்த ஓவியம் செய்யும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் கூட வந்திருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்; எழுத்தைப் படமாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு சிற்பங்களுக்கு வாருங்கள். பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி எடுத்துச் செய்தவை, பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பும் பித்தளையும் வெல்டிங் செய்து எழுப்பியவை. இவற்றைச் சுற்றி வந்து பார்க்கும் பழக்கத்தோடு போனால் சற்று ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் முன்னால் நின்று பார்க்கச் செய்யப்பட்டவை. கவசம் சாத்திய மூலவரையும் வீதியில் வரும் வாகனத்தையும் எதிரில் நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. இங்கே விடப்பட்டது புராணக் கதை. இன்னார் இவர் என்று சொல்ல முடியாது. வைத்துக்கொண்டது அந்த எதிர்நிலையும் தகட்டின் மினுக்கமும் அதன் மேல் நெருக்கமாக ஓடும் வேலைப்பாடும்.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். நவீன ஓவியம் எல்லாமே அரூபம் அல்ல. கே. ராமானுஜத்தின் மையோவியங்களில் மாடங்களும் சிறகு முளைத்த உயிர்களும், தொப்பி வைத்த ஒரு சிறு மனிதரும் இருப்பார்கள். எல்லாமே அடையாளம் தெரியும். ஆனால் எதுவும் இந்த உலகத்தில் இருப்பதில்லை. பிள்ளைகள் இவற்றின் முன் நகரவே மாட்டார்கள். நகரச் சொல்லாதீர்கள். சோழமண்டலத்திலேயே வாழ்ந்து, 1973இல் மிக இளம் வயதில் இறந்துபோன கலைஞர் அவர்.

தமிழ்ப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு ஆதிமூலத்தைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கதைகளுக்கும் தொடர்களுக்கும் அவர் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்தே பலரும் கோடு என்றால் என்ன என்று அறிந்தார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி வரிசையில் சில கோடுகளில் அந்த மனிதரின் நடையே வந்துவிடும். அப்பேர்ப்பட்ட கோட்டுக்காரர் பிற்காலத்தில் கோட்டையே விட்டுவிட்டு, எண்ணெய் வண்ணத்தைப் பட்டை பட்டையாக இழுத்து அரூபமாக வரைந்தார். நிலமோ வானமோ என்று தோன்றும் பரப்புகள் அவை. தனக்கு எது மிக நன்றாக வந்ததோ அதையே கீழே வைத்துவிட்டு, வண்ணத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். அரூபம் வரையத் தெரியாதவர்களின் புகலிடம் என்று யாராவது சொன்னால் ஆதிமூலத்தின் இரண்டு காலத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

"என் பிள்ளைகூட இப்படிக் கிறுக்குவான்" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், கட்டாயம் யாராவது சொல்வார்கள். 2011இல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி ஆய்வாளர்கள் அரூப ஓவியர்களின் படங்களையும், குழந்தைகளும் விலங்குகளும் தீட்டிய படங்களையும் ஜோடி ஜோடியாக வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட அதிகமான முறை மக்கள் ஓவியர்களின் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள், ஓவியம் படிக்காதவர்கள் உட்பட. அதாவது நம் கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறது. வாய்க்குத்தான் சொல்லத் தெரியவில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் எங்கே நிறுத்தினார் என்பதில் இருக்கிறது. குழந்தை தாள் தீரும்வரை அல்லது அம்மா கூப்பிடும்வரை தீட்டும். ஓவியர் ஒரு கட்டத்தில் தூரிகையைக் கீழே வைக்க முடிவெடுக்கிறார்.

போகும்போது சில நடைமுறை விஷயங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் முன் மட்டும் எல்லோரும் நின்று, தேர்ந்தெடுத்தவர் சொல்வதைக் கேளுங்கள். பிடிக்காத படத்தைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினால் கண் தானாகவே உற்றுப் பார்க்கத் தொடங்கும். அட்டையைப் பிறகு படியுங்கள். முதலில் தள்ளி நின்று முழுப் படத்தையும், அப்புறம் நெருங்கிப் போய் வண்ணம் எவ்வளவு தடிப்பு, தூரிகை எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னால் சிறுவர்கள் தொட மாட்டார்கள். விரல் ஈரம் உண்மையாகவே ஓவியத்தைக் கெடுக்கும்.

பலரும் பிள்ளைகளிடம் "இதில் உனக்கு என்ன தெரிகிறது, யானையா, முகமா?" என்று விளையாட்டுக் காட்டுவார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓவியர் வேலை மெனக்கெட்டு வெளியே அனுப்பிய யானையை நாம் மறுபடி உள்ளே இழுத்து வருகிறோம். யானை கிடைத்ததும் ஓவியம் முடிந்துவிட்டது என்று பிள்ளை அடுத்ததற்கு ஓடிவிடும். அதற்குப் பதிலாக "உன் கண் முதலில் எங்கே போயிற்று? அடுத்து எங்கே?" என்று கேளுங்கள். "இந்தச் சிவப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பார், என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். ஒரு கண்ணை மூடி, விரலைத் தூக்கிப் பிடித்து அந்தச் சிறு சிவப்பை மறைத்தவுடன் படம் முழுவதும் ஒரு பக்கம் சரிவதைப் பிள்ளையே சொல்லும்.

வீடு திரும்பிய மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து தங்களுக்குத் தெரிந்த ஒன்றை, மாடோ ஆட்டோவோ, ஐந்து தாள்களில் குறைத்துக்கொண்டே வரைந்து பாருங்கள். முதல் இரண்டு தாள் எளிது. மூன்றாவதில் கை நிற்கும். எந்தக் கோட்டை எடுத்தால் ஆட்டோ ஆட்டோவாக இருக்காது என்ற கேள்வியில் அப்பாவும் மகளும் சண்டை போடத் தொடங்கினால் பாடம் நன்றாக நடக்கிறது என்று பொருள்.

அடுத்த கட்டமாக எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் ஐம்பொன் சிலைகளை இதே கேள்வியோடு பாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. பெங்களூர் செல்பவர்கள் அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்தை விட்டுவிட வேண்டாம். பழைய மாளிகையும் தோட்டமும் பெரியவர்கள் உட்கார்ந்து இளைப்பாற வசதியானவை. அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.